இரும்பு மிஞ்சிய ரத்தம்

கண்ணுகளா, கிருஷ்ணகிரியிலிருந்து வரும் பெங்களூர் பஸ்ஸில் நேற்று நான் கேட்ட பேச்சை உங்களுக்காக எழுதுகிறேன். தூறலில் மாந்தோப்புகள் மிதந்து போவதுபோல் இருந்தது. நானும் அரைத் தூக்கத்தில் இருந்தேன். முன் சீட்டில் ஒரு அண்ணனும் தம்பியும்.

“என் ரத்தத்துல இரும்பு மிஞ்சிப் போச்சாம்டா. அது கொறையணும்னு ரத்தத்தப் பாட்டில் பாட்டிலா எடுத்துக் கொட்டறாங்க,” என்றார் அண்ணன்.

தம்பி சிரித்தார். “ஊரே இரும்பு மாத்திரை முழுங்குது. உனக்கு மட்டும் இரும்பு உருக்கற ஃபவுண்டரி வேலையில ஏறிடுச்சா?”

“அப்பா அம்மா வழியா வந்ததுடா. கூடப் பொறந்தவங்களுக்கும் இருக்கலாமாம். கம்பெனியில எல்லாருக்குமே டெஸ்ட் வெக்கணும்ங்கறாரு எனக்கு வைத்தியம் பாக்கற பெங்களூர் டாக்டர். கம்பெனி டாக்டரு, நல்லா இருக்கறவன எதுக்குப் பயமுறுத்தணும்ங்கறாரு.”

“கம்பெனி டாக்டர் சொல்றதுதாண்ணா சரி. தை மாசம் எனக்குக் கல்யாணம். ரத்தத்துல கோளாறுன்னா நாகரசம்பட்டிக்காரங்க பொண்ணு குடுப்பாங்களா?”

“நானும் நல்லாத்தான் இருந்தேன். ஈரல் கெட்டப்பறம்தான் தெரிஞ்சுது. முன்னாடியே பாத்திருந்தா தப்பிச்சிருப்பேன். எனக்கு மொதல்ல விரல்தான் வலிச்சு மடங்காமப் போச்சு. எங்க, உன் கைய மடக்கு.”

தம்பி சிரித்துக்கொண்டே மடக்கினார். இரண்டு விரல்கள் பாதியில் நின்றுவிட்டன. பஸ் குருபரப்பள்ளியைத் தாண்டும்வரை தம்பி அந்த விரல்களை இன்னொரு கையால் அழுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“பொண்ணு வீட்டுல யாருண்ணா சொல்றது?”

“நான் வந்து சொல்றேன். மொதல்ல நீ டாக்டர்கிட்ட வா.”

“ஊசி வலிக்குமா?”

“கல்யாணம் பண்ணப் போறவன் ஊசிக்குப் பயப்படறான் பாரு!”

மூக்கண்டப்பள்ளியில் நான் மட்டும் இறங்கினேன். தூறல் நின்றிருந்தது. ஆளில்லாத நிறுத்தத்தில் என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினேன். எல்லாம் மடங்கின. ஆனாலும் இன்னொரு முறை மடக்கிப் பார்த்தேன்.