நாலு இறக்கைக்கும் ஒரு பொட்டு

— அந்த நெயில் பாலிஷ் மட்டம்னு நான் அப்பவே சொன்னேன்ல?

— அதே பாட்டில்தாங்க. போன வாரம் எங்க லேபுக்கு இதுலதான் நாப்பது தட்டான் இறக்கையில பொட்டு வெச்சுக் கொடுத்தீங்க. நாப்பதும் கேமரா முன்னால ஜோராப் பறந்துச்சு, பொட்டைப் பாத்து இறக்கை எப்படி அசையுதுன்னு அளந்தோம். இன்னிக்குக் கொண்டுபோன பன்னெண்டும் பொத்துனு விழுந்துச்சு.

— பொட்டு வைக்கறப்ப அசையக்கூடாதுன்னு ஃபிரிட்ஜுல ரொம்ப நேரம் வெச்சிருப்பே. வெறச்சுப் போயிருக்கும்.

— குளிர்ல மயங்கினது அஞ்சு நிமிஷத்துல தெளிஞ்சிடும். தெளிஞ்சுதான் இருந்துச்சு. உடம்பு துடிக்குது, எழும்ப முடியல. புரொபசர் கேமராவை நிறுத்திட்டு என்னையே பாக்கறார். முகத்தை எங்க வெச்சுக்கறதுன்னு தெரியல எனக்கு.

— அட போம்மா. பூச்சிக்கு ஒரு நாள் வேலைக்குப் போக மனசில்லாம இருக்கக்கூடாதா?

— விளையாடாதீங்க. இந்த லென்ஸ்ல பாருங்க. முன் இறக்கையும் பின் இறக்கையும் ஒட்டிக்கிட்டு இருக்கு.

— இருக்கட்டுமே. சேந்து அடிச்சா இன்னும் பலம்தானே?

— ஆகாதுங்க. நாலு இறக்கைக்கும் தனித்தனிச் சதை. முன்னது மேல போறப்ப பின்னது கீழ வரும். அப்படி மாத்தி மாத்தி அடிச்சுத்தான் அந்தரத்துல அப்படியே நிக்குது, பின்பக்கமாக் கூடப் போகுது. ஒட்டிப்போட்டா அதால என்னதான் பண்ண முடியும்?

— அப்ப ஊசித்தட்டானா இருக்கும். அது உக்காந்தா இறக்கையெல்லாம் முதுகு மேல மடிச்சுக்குது. ஈரம் காயறதுக்குள்ள மடிச்சா ஒட்டத்தான் செய்யும். என்னை ஏன் பிடிச்சு உலுக்கறே?

— ஊசித்தட்டான் நாலே நாலுதான். மிச்ச எட்டும் பெரிய தட்டான். அதுங்க உக்காந்தாலும் விரிச்சே வெச்சிருக்கும். அதுல எப்படி ஒட்டிச்சு?

— நல்ல கதையா இருக்கே! ஆயிரம் பல்செட் செஞ்ச கைம்மா இது. அந்தப் பல்குத்தற குச்சியை எடு, இப்பவே வெச்சுக் காட்டறேன்.

— இந்தாங்க... பாருங்க, பொட்டு வைக்கச் சொன்னா முன் இறக்கையிலேருந்து பின் இறக்கை வரைக்கும் கோடு இழுக்கறீங்க.

— வெளிச்சம் பத்தல.

— ஜன்னல் ஓரம்தானே உக்காந்திருக்கீங்க?

— சரி, விடு. நாளைக்கு வேற கொண்டா. நிதானமா வைக்கிறேன்.

— எனக்குப் பயமா இருக்குங்க.

— எதுக்கு? மரத்துப்போனது கால்தானே? பல்செட் ராவற மெஷின் பெடலை மிதிக்கிறது தெரியலன்னுதானே கடையை விட்டேன்? கைக்கு ஒரு கேடும் இல்ல.

— காலும் அப்படித்தானே ஆரம்பிச்சுது? ஒத்தச் செருப்பை ரோட்டுலயே விட்டுட்டு வாசல் வரைக்கும் நடந்து வந்தீங்க. நான் சொல்ற வரைக்கும் உங்களுக்குத் தெரியல.

— அதையே எத்தனை தடவை சொல்லுவே?

— கைக்கு ஏறிச்சுன்னா எங்ககிட்ட மருந்து இல்லன்னு டாக்டர் சொன்னாரே. நீங்களும் பக்கத்துலதானே இருந்தீங்க?

— இருந்தேன். அதுக்காக இப்ப என்ன பண்ணச் சொல்றே? உக்காந்து அழவா? இந்தப் பொட்டு வைக்கிற வேலையாவது எனக்கு இருக்குன்னுதான் காலையில எந்திரிக்கிறேன். இதையும் பிடுங்காதே.

— பிடுங்கலைங்க. நான் எங்க பிடுங்கறேன்... சரி, இன்னிக்குப் போதும். குச்சியைக் கீழ வெச்சுட்டு சாப்பிட வாங்க.

— அதை அப்பவே வெச்சுட்டேனே.

— இல்லீங்க. இன்னும் உங்க விரல்லதான் இருக்கு.