லித்தியம்னு ஸ்டிக்கர் ஒட்டுன பெட்டி

இல்ல தங்கச்சி, விக்க வரல. கதவைச் சாத்தாதீங்க, ஒரே நிமிஷம். கூப்பிடாமத்தான் வந்திருக்கேன், ஒத்துக்கிறேன். காசு ஒண்ணும் வேணாம். உங்க மாமனாருக்கு மூச்சு மெஷின் ஓடுதே, அது மாடி சோலார்லதானே ஓடுது? பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவுல சுவத்துல ஒரு நீலப் பெட்டி இருக்கும் பாருங்க, சார்ஜ் கன்ட்ரோலர், அதை மாத்திட்டுப் போயிடறேன். புதுசு பையில இருக்கு. வேற கம்பெனிது.

எப்படித் தெரியுமா? நீங்கதான் எழுதியிருக்கீங்க. வாரன்டி கார்டுல எதுக்குப் பயன்படுத்துறீங்கன்னு ஒரு கட்டம் இருந்துச்சுல்ல, அதுல முத்து முத்தா எழுதி அனுப்பியிருக்கீங்க. ஊர் உலகத்துல எவன் அந்தக் கார்டை நிரப்புறான்? அந்தக் கார்டுக் கட்டு கம்பெனியில கக்கூஸ் பக்கத்து ரூம்ல, பினாயில் டப்பாவுக்கு அடியில கிடந்துச்சு. ஒரு பய பிரிச்சுப் பார்க்கல. ச்சீ, சொல்லவே நாக்கு கூசுது. ஆமா, அங்கதான் இருந்தேன். பதினோரு வருஷம், டெஸ்ட் ரூம்ல. இப்ப இல்ல.

நல்லாத்தானே ஓடுதுன்றீங்க. அதாங்க வயித்தெரிச்சலே, நல்லாத்தான் ஓடும். மணி என்ன, பத்தரையா? சரி, உச்சி வெயிலுக்குள்ள முடிச்சிடலாம். கைவசம் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கும்ல? பெரியவருக்கு அதை மாட்டிடுங்க, பத்து நிமிஷ வேலை. ஐயா, வணக்கம். பேசாதீங்க, படுங்க, படுங்க.

முதல்ல பேனல் வயரைக் கழட்டணும், அப்புறம்தான் பேட்டரி. மாத்திக் கழட்டினா பெட்டி அங்கேயே உசிரை விட்டுடும். வெயில் இருக்கிற வரைக்கும் பேனல் தள்ளிக்கிட்டே இருக்குமா, வாங்கிக்க ஆள் இல்லன்னா அத்தனையும் இதுக்குள்ளயே முட்டும். இது கத்துக்குட்டி மெக்கானிக்குக்கும் தெரியும். ஆனா லித்தியம் பேட்டரி இருக்கே, அதுக்குள்ள காவலுக்குன்னு ஒரு போர்டு உண்டு. நிறைஞ்சாலோ சூடானாலோ யாரையும் கேட்காம அதுவே கதவைச் சாத்திக்கும். அப்ப என்ன ஆச்சு? நீங்க யாரும் தொடாமலே, நட்ட நடு மத்தியானத்துல, ஓடுற பெட்டியில இருந்து பேட்டரியைப் பிடுங்கின மாதிரி ஆச்சு. பழைய ஆசிட் பேட்டரி அப்படிப் பண்ணாது, அது அசடு, எவ்வளவு ஊத்தினாலும் வாங்கிக்கிட்டு கொதிச்சுக்கிட்டே கிடக்கும்.

இந்தப் பெட்டி தினம் ஒரு அடி வாங்கும். வாங்கிட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி பச்சை லைட்டைக் காட்டிக்கிட்டு நிக்கும். ஒரு வருஷம், ரெண்டு வருஷம், மூணு வருஷம். ஒரு நாள் பொட்டுனு போயிடும். போறது சும்மாவும் போகாது, பேனல் வேகத்தை அப்படியே இன்வெர்ட்டருக்குள்ள விட்டு அதையும் சாகடிச்சிட்டுத்தான் போகும்.

நம்பிக்கை இல்லியா? இருங்க, மூடியைத் திறக்கிறேன், உங்க கண்ணாலயே பாருங்க. மூக்கைப் பொத்திக்கங்க. ம்... வாடை வருதா? கருமம். இந்தக் குட்டி டப்பா இருக்கே, மேல தட்டையா இருக்கணும். எப்படி உப்பியிருக்கு பாருங்க, பக்கத்துல போர்டு தீய்ஞ்சு கிடக்கு. இன்னும் ஒரு மாசம் தாங்கியிருந்தா அதிசயம். உக்காருங்க தங்கச்சி, அதான் வந்துட்டேன்ல.

கோந்துன்னு ஒரு மேனேஜர். எதைக் கண்டாலும் ஸ்டிக்கர் ஒட்டுவார், அதான் அந்தப் பேரு. வாசல் கண்ணாடியில தரமே எங்கள் உயிர்னு ஒட்டி வச்சிருந்தார். உயிராம். தூ. ஆறு மாசம் டெஸ்டு ஓட்டினோம், அது பொய்யில்ல, நிறுத்தாம ஓட்டினோம். ஆனா கடைசி வரைக்கும் மாட்டியிருந்தது ஆசிட் பேட்டரி. அது எப்பக் கதவைச் சாத்துச்சு, இந்தப் பெட்டி எப்ப அடி வாங்குச்சு? ரிப்போர்ட்ல மட்டும் கட்டம் கட்டமா டிக்கு. லித்தியத்தோட ஓட்டினது, குறை இல்ல, அஞ்சு வருஷம் உழைக்கும். கோந்து மறுநாளே லித்தியம்னு ஸ்டிக்கர் அடிச்சுட்டார்.

இதுக்கு முன்னாடியா? பதினாலு வீடு மாத்திட்டேன். கார்டுல மெஷின்னு எழுதினவங்களை முதல்ல எடுத்துக்கிட்டேன். போன மாசம் ஒரு டெய்லர் வீடு. அவர் சம்சாரத்துக்கு இதே மெஷின். மத்தியானம் நூல் வாங்கக் கடைக்குப் போயிருக்கார், அரை மணி நேரம்கூட இல்ல. மெஷின் நின்னு கத்தித்தான் இருக்கும், கேட்க ஆள் இல்ல. நான் போய்ச் சேர்ந்தப்ப வாசல் நிறைய ஜனம். ஒரு நாள் முந்திப் போயிருந்தா... விடுங்க. பெட்டியும் கையுமா தெருவுலயே கொஞ்ச நேரம் நின்னுட்டுத் திரும்பிட்டேன். பெத்தவ செத்தப்பகூட அப்படி அழல நான்.

ஆச்சு, பேட்டரி வயர் மாட்டியாச்சு, இப்ப பேனல். அவ்வளவுதான். மெஷினைப் போட்டுப் பாருங்க. ம், ஓடுது. சிலிண்டரை மூடிடுங்க.

என்ன கேட்டீங்க? ஏன் லித்தியத்தை வச்சே டெஸ்டு பண்ணலன்னா? கேட்டுட்டீங்க. பதினாலு வீட்ல ஒருத்தரும் கேட்கல.

கம்பெனி வாங்கித்தான் குடுத்துச்சு தங்கச்சி. அந்த விஷயத்துல கோந்தைக் குத்தம் சொல்ல முடியாது. டெஸ்டுக்குன்னே ஒண்ணு, பிரிக்காத புது பேட்டரி. அந்த மாசம் பார்த்து எங்க வீட்டுப் பக்கம் கரண்ட் சும்மா சும்மா போகும். பொண்ணுக்குப் பரீட்சை. ஒரு வாரத்துல கொண்டாந்து வச்சிடலாம்னு ஸ்கூட்டர்ல முன்னாடி வச்சு எடுத்துட்டுப் போனேன். டெஸ்ட் ரூம்ல அதுக்குப் பதிலா ஆசிட் பேட்டரியை மாட்டி விட்டேன். ஒரே வோல்ட்டுதானே, என்ன ஆயிடப் போகுதுன்னு. பரீட்சை முடிஞ்சதும் அதுல ஃபேனை மாட்டினோம். அப்புறம் டிவி. இப்பவும் எங்க வீட்லதான் இருக்கு. நாலு வருஷம் ஆச்சு, ஒரு நாள்கூட நின்னதில்ல.