மீன் வண்டிக்கு வெள்ளைப் பெயிண்ட்

மீன் ஏற்றுகிற வண்டிக்கு வெள்ளைப் பெயிண்ட் அடிக்காதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன், சார். யாரும் கேட்பதில்லை. வெள்ளைதான் ராசி என்பார்கள். ஐஸ் உருகி ஒழுகும் உப்புத்தண்ணீருக்கு ராசி தெரியாது. முதலில் சக்கரத்துக்கு மேலே சின்னதாக ஒரு கொப்புளம் வரும். விரலால் அமுக்கினால் பொரபொரவென்று நொறுங்கும். மேலே கொப்புளம் வந்துவிட்டால் உள்ளே தகரம் போய்விட்டது என்று பொருள்.

என் மருமகன் புவனேசனின் பிக்கப்பும் அப்படித்தான், வண்டிகளுக்குத் தகரம் ஒட்டிப் பெயிண்ட் அடிக்கும் என் கடைக்கு வந்தது. கோலா கெடாவில் மீன் எடுத்து, சுங்கைப் பட்டாணியைச் சுற்றியுள்ள தோட்டங்களில் விற்பவன் அவன். நல்ல உழைப்பாளி, அதை நான் மறுக்கவில்லை. குடித்தால் மட்டும் என் மகள் தேவகியை அடிப்பான்.

எனக்கு அவள் ஒருத்திதான். அம்மா இல்லாத பெண். போன வருடம் உதடு கிழிந்து என் கடை வாசலில் வந்து நின்றாள். இதே போலீஸ் பாலாய்க்குத்தான் அழைத்து வந்தேன். ரிப்போர்ட் கொடுத்தோம். மறுவாரமே கோயில் தலைவர் சுப்பிரமணியம் பழத்தட்டோடு வீட்டுக்கு வந்துவிட்டார்.

"பரஞ்சோதி, பொண்ணக் கொடுத்த எடத்துல மல்லுக்கு நிக்காதய்யா. தம்பிய நான் பேசி சரி பண்றேன்," என்றார்.

புவனேசன் என் காலில் விழுந்தான். ரிப்போர்ட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று தேவகியே சொன்னாள். எல்லோருமாகச் சொல்லும்போது நான் என்ன செய்ய முடியும்? தட்டை வாங்கிக்கொண்டேன். தட்டை வாங்கிய பிறகு வாய் திறக்கக்கூடாது, உங்களுக்கே தெரியும். அடி மட்டும் நிற்கவில்லை. கழுத்து மூடிய சட்டை போட்டுக்கொண்டு வருவாள். நான் பார்க்காததுபோல் டீ வாங்கிக் கொடுப்பேன். கையாலாகாத அப்பன் வேறு என்ன கொடுப்பான்?

பிக்கப்பைத் தூக்கி நிறுத்திக் கொப்புளங்களைக் கிரைண்டரால் சுரண்டினேன். செத்த தகரத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வைத்து வெல்டிங் அடித்தேன். வேலையில் நான் யாரையும் ஏமாற்றியதில்லை. வெட்டிய ஓட்டை வழியாகக் கீழே பார்த்தபோதுதான் பிரேக் குழாய் கண்ணில் பட்டது. துருவேறி உப்பியிருந்தது. நகத்தால் தொட்டேன். கசிந்த பிரேக் எண்ணெயில் நகம் ஈரமானது.

வேலை எதுவரை வந்திருக்கிறது என்று பார்க்க அவன் வந்தபோது சொல்லத்தான் வாயெடுத்தேன், சத்தியமாக. "தம்பி, அடியில பாத்தீங்கன்னா..." என்று தொடங்கினேன்.

"மாமா, அடியில எல்லாம் நோண்டாதீங்க லா. மேல கிலாட்டா, பளபளன்னு இருந்தா போதும்," என்றான்.

அவனோடு தேவகியும் வந்திருந்தாள். அவிழ்ந்த முடியைக் கொண்டை போடக் கையைத் தூக்கியவள், வலி தாங்காமல் பாதியிலேயே இறக்கிக்கொண்டாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

குழாயைத் துடைத்தேன். அதன்மேல் அடிப்பாகத்துக்கு அடிக்கும் கருப்புத் தாரைக் கனமாக அடித்தேன். பிறகு மேலே பட்டி பூசி, உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர், வெள்ளை, லாக்கர் என்று முறைப்படி முடித்தேன். கண்ணாடி மாதிரி வந்தது. அவன் எப்போதும் தனியாகத்தான் ஓட்டுவான். அவன் போகிற தோட்டத்தில் மேட்டிலிருந்து ஓர் இறக்கம் இருக்கிறது. அதற்கு மேல் நான் எதையும் நினைக்கவில்லை.

நான் மறந்தது பூசையைத்தான். புதுப் பெயிண்ட் அடித்தால் நம் ஆட்களுக்கு அது புது வண்டி. அதே மேட்டின் மேலிருக்கும் முனியாண்டி கோயிலுக்குக் கொண்டுபோய், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்காமல் தொழிலுக்கு எடுக்க மாட்டார்கள். பெண்டாட்டி முன்சீட்டில் உட்கார்ந்து போக வேண்டும். இத்தனை வண்டிகளுக்குப் பெயிண்ட் அடித்தவனுக்கு அது தோன்றவில்லை, பாருங்கள்.

வண்டி எடுக்க வந்த அன்று தேவகி பட்டுப்புடவை கட்டியிருந்தாள். சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

"அப்பா, அவரு தைப்பூசத்துக்கு வெரதம் எடுத்திருக்காருப்பா. குடிய வுட்டுட்டாரு, நெசமாதான்," என்று என் காதோரம் சொன்னாள். "நீங்களும் ஏறுங்க லா, பூசைக்குப் போவோம்."

வேலை இருக்கிறது என்றேன். வேலை ஒன்றும் இல்லை.

பிரேக் குழாய் போயிருக்கிறது, இறங்கு என்று சொல்லியிருக்கலாம்தான். சொன்னால், தெரிந்தே ஏன் மூடினீர்கள் என்று கேட்பாள். அதற்குப் பிறகு என் முகத்தில் விழிப்பாளா? பெற்ற மகள் முன்னால் அப்படி நிற்க எந்த அப்பனால் முடியும்? தவிரவும், மேடு ஏறும்போது பிரேக் அவ்வளவாகத் தேவைப்படாது. மேலே போய்ச் சேர்ந்ததும் போன் செய்து, ஏதாவது காரணம் சொல்லி அவளை மட்டும் கோயிலிலேயே இருக்கச் சொல்லலாம் என்றிருந்தேன். போனைக் கையில் வைத்துக்கொண்டு காரணம் யோசித்தேன். நம்பும்படியாக ஒன்றும் அகப்படவில்லை.

இறக்கத்தின் அடியில் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று நின்றிருக்கிறது. பிக்கப்பின் இடது பக்கம்தான் போய் மோதியது. தேவகி உட்கார்ந்திருந்த பக்கம்.

புவனேசனுக்கு ஒரு கால் போனது, உயிர் தப்பிவிட்டான். ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "மாமா, நீங்க சொல்லத்தான் வந்தீங்க. நான்தான் கேக்கல. என்னாலதான் மாமா, எல்லாம் என்னாலதான்." அழாதே என்று தேற்றினேன். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

கருப்புக்கு அடியில் குழாய் எப்போது கெட்டது என்று கேட்கிறீர்கள். கருப்பு அடிப்பதற்கு முன்பே கெட்டுவிட்டது, சார். தெரிந்துதான் அடித்தேன். அவன் சாகட்டும் என்றுதான் அடித்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். ஆனால் எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். அடியில் நோண்டாதீர்கள் என்று சொன்னவன் அவன். இப்போது அவன் வாயாலேயே ஒத்துக்கொள்கிறான். என் மகளைக் கொன்றது புவனேசன்தான், அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.