சாஆ கேண்டீனுக்குப் பன்னிரண்டு

இந்தத் தே தாரிக் டீயில் சீனி கொஞ்சம் தூக்கல். பரவாயில்லை சார், குடிக்கிறேன். விசாரணைக்குக் கூப்பிட்டீர்கள், வந்தேன்; உங்கள் கேண்டீனைக் குறைசொல்ல நான் வரவில்லை.

ஜொகூரில் தொழிற்சாலைகளுக்குக் கேண்டீன் நடத்தும் நிறுவனத்தில் நான் புள்ளிவிவரப் பகுப்பாய்வாளன். நான் வருமுன் அங்கே ஒரே கூத்து. ஒரே கருத்துக்கணிப்பின் முடிவை ஆளாளுக்கு மறுபடி தட்டச்சு செய்வார்கள். மேலாளரின் அறிக்கையில் எழுபத்தெட்டு விழுக்காட்டினருக்குச் சாப்பாடு பிடிக்கும். ஆண்டறிக்கையில் அதுவே எண்பத்தேழாகிவிடும். எது தலை, எது வால் என்று தெரியாது.

நான்தான் முடிவுகளுக்கென்று ஒரு களஞ்சியம் கட்டினேன். எந்தக் கேண்டீன், எந்தக் கேள்வி, எத்தனை பேர், எத்தனை விழுக்காடு என்று எல்லாம் அதனதன் கட்டத்தில் இருக்கும். ஒருமுறை சேமித்தால் போதும், எங்கள் நான்கு அறிக்கைகளும் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும். மேலாளர் அம்பிகைபாகன் என் முதுகில் தட்டி, "பொழைச்சோம் லா, சுகுமாறன்" என்றார்.

சாப்பாடு பிடித்தவர்கள் இருபது விழுக்காட்டுக்குக் கீழே போனால் அறிக்கையில் சிவப்பு விழ வேண்டும். விழுகிறதா என்று பார்க்க ஒரு பொய் எண்ணைப் போடுவோம், பிறகு அழித்துவிடுவோம். எங்கள் தொழிலில் இது வழக்கம். நான் சாஆ ஊர்க் கேண்டீனுக்கு நேரே பன்னிரண்டு என்று போட்டேன். சிவப்பு விழுந்தது. பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்ததால் அழிக்க மனம் வரவில்லை.

அம்பிகைபாகன் பதறிப்போனார். "அலமாக்! கஸ்தூரி சமையலா? வாராவாரம் போய்ச் சாப்பிடறேனே, நல்லாத்தானே இருக்கு?"

"உங்க ஒருத்தர் நாக்க வச்சு என்ன சார் சொல்றது? நாலு அறிக்கையும் பன்னெண்டுன்னுதான் சொல்லுது" என்றேன்.

இதில் பொய் ஏதும் இல்லை. நான்கும் அப்படித்தான் சொன்னன. மாதக் கடைசியில் கேண்டீனை மூடினார்கள்.

அங்கே சமைத்த கஸ்தூரி அக்கா அலுவலகத்துக்கே வந்துவிட்டார். "தம்பி, தட்டெல்லாம் காலியாத்தானே திரும்பி வந்துச்சு? ரெண்டு புள்ளைங்க படிக்குதுங்க. இந்த வயசுல எனக்கு யாரு வேல குடுப்பா?" என்று அழுதார். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. என்ன செய்ய, காலித் தட்டுக்குக் களஞ்சியத்தில் கட்டம் இல்லையே. டிஷ்யூ கொடுத்தேன்.

இப்போது தொழிலாளர்கள் நிரப்பிய மூலப் படிவங்களை நீங்கள் தேடி எடுத்துவிட்டீர்கள். சாஆவுக்கு உண்மையில் தொண்ணூற்றொன்று. சரிதான், அந்த அக்கா கெட்டிக்காரி. பன்னிரண்டைப் போட்டவன் நான், தெரிந்தே விட்டவனும் நான். எழுதிக்கொள்ளுங்கள்.

ஏன் சாஆ என்று கேட்கிறீர்கள். ஏதாவது ஒரு பெயர் வேண்டுமல்லவா? விரல் போன பக்கம் போட்டேன். ஒரு வடைக்காக எவனாவது ஒரு பெண்ணின் பிழைப்பில் மண்ணைப் போடுவானா? நான் அங்கே போன அன்று, தட்டை நீட்டிக்கொண்டு நிற்கும்போதே, கடைசி உளுந்து வடையை அந்த அக்கா அம்பிகைபாகனுக்கு வைத்தது உண்மைதான். நல்ல மொறுமொறு வடை, ஓரம் லேசாகச் சிவந்து, நடுவில் இரண்டு மிளகு. அதையெல்லாம் போய் யாராவது மனதில் வைத்துக்கொண்டிருப்பார்களா, சார்?