வெறும் வயிற்றில் சாயத்தண்ணி

“அது புள்ளையா இருக்காது.”

தெமோதரையிலிருந்து பதுளைக்குச் சென்ற காலை பஸ்ஸில், என் முன்னிருக்கையில் இருந்தவள் இப்படிச் சொன்னாள். அவளருகே இருந்தவள் அவளுடைய கொழுந்தனை மணந்து ஆறு மாதமே ஆனவள். முந்தின நாள் விடியலில், தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் அந்த இளையவள் மயங்கிச் சரிந்திருந்தாள் என்பது பேச்சிலிருந்து தெரிந்தது.

“நானும் புள்ளைன்னு சொல்லலியே அக்கா. நம்ம மாமிதான் சொல்லுது.”

“சொல்லும். ஒனக்கு முட்டை பொரிச்சுக் குடுத்துச்சாமே? கல்யாணமாகி ஏழு வருஷமாப் புள்ள இல்லாத எனக்கு முட்டை ஓட்டக்கூடக் காட்டல.”

“தல சுத்துது, கை நடுங்குது, வயித்தப் பொரட்டுது. வேற என்னவா இருக்கும்?”

“வெறும் வயித்துல பாலில்லாத தேயிலச் சாயத்தண்ணிய ஊத்திக்கிட்டு பெரட்டுக்கு ஓடுனா வராதா? ரத்தம் கொறஞ்சாலும் வரும், பிரஷர் எறங்குனாலும் வரும். எனக்கு வரலியா?”

“ஒங்களுக்குமா? எப்பருந்து?”

“ரெண்டு வாரமா.”

“நீங்க ரொட்டி சாப்புட்டுத்தானே அக்கா வேலைக்குப் போவீங்க?”

ஆஸ்பத்திரி நிறுத்தம் நெருங்கியதும் இளையவள் எழுந்தாள்.

“டாக்டரப் பாக்க ரெண்டு பேருக்கும் நம்பர் துண்டு எடுக்குறேன்.”

“எடு. ஆனா ஒனக்கு இருக்கு, எனக்கு இல்லன்னு அவரு சொல்லிட்டா, வீடு போய்ச் சேர்ற வரைக்கும் நீ என்கிட்ட பேசக் கூடாது.”