அறுபத்து மூன்று இன்ஜின்கள்

ஹெப்பகோடியில் கம்பெனி பஸ் நின்றதும் முதலில் இறங்குகிறவன் நான்தான். டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது ஸீட், ஜன்னல் ஓரம். பதினெட்டு வருடமாக அதே இடம். புதிதாகச் சேர்ந்தவர்கள்கூட அதில் உட்கார மாட்டார்கள்.

என் பெயர் மதலைமுத்து. வீடு பெங்களூர் ஜீவனஹள்ளியில். பிக்கப் வண்டிகளுக்கு டீசல் இன்ஜின் செய்யும் தொழிற்சாலையில் கடைசிச் சோதனை என் வேலை. இன்ஜினை மேடையில் ஏற்றி முக்கால் மணி நேரம் ஓடவிடுவேன். எண்ணெய் கசிகிறதா, சத்தம் சரியா, கேஜ் என்கிற அளவுமானியில் முள் சரியாக நிற்கிறதா என்று பார்ப்பேன். எல்லாம் சரியென்றால் என் அடையாளமான 7 என்ற எண்ணைச் சுத்தியலால் இன்ஜின் உடம்பில் பதிப்பேன். அந்த ஏழு விழாத இன்ஜினை லாரியில் ஏற்ற மாட்டார்கள். ஜெனரல் மேனேஜரே வந்து நின்றாலும் ஏற்ற மாட்டார்கள். இன்ஸ்பெக்டர் சார், நீங்கள் எழுதும்போது இதை விட்டுவிடாதீர்கள். என் கோபத்தின் அளவு அப்போதுதான் உங்களுக்குப் புரியும்.

தொண்ணூற்றெட்டு ஜூனில் அந்தப் பேச்சு கிளம்பியது. எங்கள் இன்ஜின் முழுவதையும் வாங்கியது ஒரே ஒரு பிக்கப் கம்பெனி. அவர்கள் ஆள் சேஷகிரி எங்கள் தொழிற்சாலையிலேயே உட்கார்ந்திருப்பார். ஒருநாள் அவர் முற்றத்தில் ஒரு பிக்கப்பை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, டேப் வைத்து அளந்திருக்கிறார். அசெம்ப்ளியில் வேலை செய்யும் கோவிந்தப்பா அதைப் பார்த்துவிட்டு கேன்டீனுக்கு வந்தான்.

“இன்னா முத்தண்ணா, நம்பளுக்கு சங்கு ஊதிட்டாங்களே. வடக்கேருந்து வேற இன்ஜின் வருதாம். நம்பள்து வோணாவாம்.”

“யாரு சொன்னா?”

“டேப்பு சொல்லிச்சு. நம்ப இன்ஜின் அந்த வண்டில பத்து வருசமா குந்திகினு கீது. அதுக்கு எதுக்குபா அளவு? புதுசா ஒருத்திய இட்டாறவன்தான் புது ஜாக்கெட்டுக்கு அளவு எடுப்பான்.”

மேசையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேராகப் போய் சேஷகிரியிடம் கேட்டேன்.

“எனக்கு கொத்தில்லப்பா” என்றார், பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமல். “தெரிஞ்சாலும் சொல்லக்கூடாது. அதெல்லாம் மேல இருக்கறவங்க விஷயம். நீ ஒன் கேஜைப் பாத்துக்கோ.”

பார்த்துக்கொண்டேன்.

டீசல் வண்டியில் பிரேக்கை லேசாக மிதித்தால் போதும் என்றால் அதற்கு ஒரு சின்ன பம்ப் காரணம். இன்ஜினோடு சேர்ந்து ஓடி, காற்றை உறிஞ்சி, மிதிக்கிற காலுக்குத் துணை கொடுக்கும். அது செத்தால் பிரேக் கல்லாகிவிடும். ஆள் எழுந்து நின்று மிதித்தாலும் வண்டி நிற்க யோசிக்கும். அந்த வாரம் வந்த பம்புகளில் கோளாறு இருந்தது. இன்ஜின் சூடேறியதும் என் கேஜில் முள் மெல்ல இறங்கியது. அப்படியானால் சிவப்பு அட்டை கட்டி இன்ஜினை ஒதுக்க வேண்டும். அட்டை என் கையில்தான் இருந்தது.

மேலே இருக்கிறவர்கள் விஷயம் என்று நினைத்துக்கொண்டேன். டெஸ்ட் ஷீட்டில் சரியான அளவை எழுதினேன். ஏழைப் பதித்தேன்.

அடுத்ததும் அப்படியே. பத்து வருடம் நம் இன்ஜினில் சம்பாதித்துவிட்டு, வேண்டாம் என்பதைக்கூட முகத்தைப் பார்த்துச் சொல்லாதவனுக்கு நல்ல சாமான் எதற்கு? ஒன்பது நாள் அந்தப் பம்புகள் வந்தன. அறுபத்து மூன்று இன்ஜின்கள். கை நடுங்கியதா என்று நேற்று கேட்டீர்கள். நடுங்கினால் எண் கோணலாக விழும். ஒன்றுகூடக் கோணல் இல்லை, நீங்களே பார்த்திருப்பீர்கள்.

ஆகஸ்டில் தியோடர் பிக்கப் வாங்கினான். எங்கள் தெருக்காரன். கல்யாண சமையலுக்குப் பாத்திரம் ஏற்றிப் போகும் வேலை. பல வருடம் அடுத்தவன் வண்டியை ஓட்டியவனுக்கு முதல் சொந்த வண்டி. கோயில் வாசலில் ஃபாதர் மந்திரித்த கையோடு என்னை இழுத்துக்கொண்டு போய் பானெட்டைத் திறந்தான்.

“வாங்கணா, ஒங்க புள்ளய ஒங்களுக்கே காட்றேன். நம்பரு ஒங்கள்து தானே?”

குனிந்து பார்த்தேன். என் ஏழு இருந்தது. அதன் மேல் இருந்த இன்ஜின் நம்பர் அந்த அறுபத்து மூன்றில் ஒன்று.

“என்னோடதுதான்” என்றேன்.

“அப்பறம் இன்னா? கண்ண மூடிகினு ஓட்டலாம்.”

அவன் மனைவி ஜோசஃபின் எனக்கு ஒரு துண்டு கேக் கொடுத்தாள். நல்ல கேக்.

இருபது நாள் கழித்து அவனே வீட்டுக்கு வந்தான். “அண்ணா, ரொம்ப தூரம் ஓட்டினா பிரேக்கு கல்லு மாறி ஆவுது. கால் நோவுதுணா. ஷோரூமுக்கு எட்த்துனு போவட்டா?”

யோசித்தேன். அவசரப்படவில்லை. ஷோரூமுக்குப் போனால் பம்பைக் கழற்றுவார்கள். புகார் மேலே போகும். பிக்கப் கம்பெனி காத்திருக்கும் சாக்கு அதுதான். எங்கள் தொழிற்சாலையில் நானூறு குடும்பம் இருக்கிறது. கோவிந்தப்பாவுக்கு மூன்று பெண்கள்.

“புது வண்டி அப்பிடித்தான் இருக்கும்” என்றேன். “ஓட ஓட எளகிடும்.”

“நீங்க சொன்னா செரிணா” என்று போனான்.

செப்டம்பர் பதினொன்றாம் தேதி சேலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் பாத்திரம் ஏற்றிக்கொண்டு போனான். பின்னால் சமையல்கார சந்திரம்மாவும் அவள் தங்கையும். தொப்பூர் கணவாய் இறக்கத்தில், பட்டப்பகலில், வண்டி நிற்கவில்லை. மூன்று பேரும் போய்விட்டார்கள். டிரைவரின் கவனக்குறைவு என்று எழுதினார்கள்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் ஜோசஃபின் வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

“அவுரு கவனமில்லாம ஓட்றவராணா? கல்யாணமாகி ஒம்போது வருசத்துல ஒரு கோழி மேலகூட ஏத்தனதில்ல. பிரேக்கு சரியில்லன்னு ஒங்கள்ட்ட சொன்னாராமே. போலீஸ்ல வந்து அத மட்டும் சொல்லுங்கணா. செத்தவருக்குப் பேராவது மிஞ்சட்டும்.”

“எங்கிட்ட அப்பிடி ஒண்ணும் சொல்லலம்மா” என்றேன். “மலை ரோடு. பழக்கமில்லாத வண்டி. மனச தேத்திக்கோ.”

அவள் போய்விட்டாள். அவள்தான் உங்களிடம் மனுக் கொடுத்தாள் என்று இப்போது தெரிகிறது. பழைய இரும்புக் கடையிலிருந்து அந்தப் பம்பை அவளே தேடி எடுத்து வந்ததாகச் சொன்னீர்கள். கெட்டிக்காரி.

அதற்குள் வேறு ஊர்களிலிருந்தும் பிரேக் புகார் வந்தது. டெஸ்ட் ஷீட்டுகளை எடுத்தார்கள். அறுபத்து மூன்றிலும் ஒரே அளவு, புள்ளி மாறாமல். அது என் தவறு. கொஞ்சம் மாற்றி மாற்றி எழுதியிருக்க வேண்டும்.

சேஷகிரி அன்று எதற்கு அளந்தார் என்பதையும் நீங்கள் சொன்னீர்கள். எங்கள் இன்ஜினுக்கே பலம் கூட்டும் டர்போ பொருத்தப் போகிறார்களாம். அது உட்கார இடம் இருக்கிறதா என்று பார்த்தாராம். எங்களோடு இன்னும் ஐந்து வருடத்துக்கு ஒப்பந்தம் தயாராக இருந்ததாம். செப்டம்பர் கடைசியில் கையெழுத்தாம். அந்தக் காகிதத்தை என் முன்னால் வைத்தீர்கள். படித்தேன். காகிதத்தில் என்ன வேண்டுமானாலும் அடிக்கலாம்.

ஆகவே தெளிவாகவே எழுதிக்கொள்ளுங்கள். பம்ப் கெட்டது என்று தெரிந்தேதான் அறுபத்து மூன்று இன்ஜின்களையும் அனுப்பினேன். அதில் ஒன்று தியோடரின் வண்டியில் இருப்பது தெரிந்தேதான் அவனை ஓட்டச் சொன்னேன். அவன் மனைவியிடம் பொய் சொன்னேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் போன வாரம் என்ன நடந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பிரேக் புகாரைச் சாக்காக வைத்து பிக்கப் கம்பெனி எங்களை விட்டுவிட்டது. வடக்கே உள்ள கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டாகிவிட்டது. தொழிற்சாலை கேட்டில் பூட்டு தொங்குகிறது. நானூறு பேரும் வெளியே நிற்கிறார்கள். வெறும் வதந்தியை நம்பினேன் என்று இந்த மேசையில் எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்? இப்போது சொல்லுங்கள் பார்க்கலாம், அது வதந்தியா?