கறை என்று நான் வெட்டிய வெளிச்சம்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஆய்வு நிலைய இயக்குநர் அவர்களே, அருகே வீற்றிருக்கும் அறிஞர் பெருமக்களே, பிள்ளைகளின் பெருமையைக் காண வந்திருக்கும் தாய்மார்களே, எங்கள் கணிப்பொறிகள் கொதிக்காமல் காக்கும் தொழிலாளத் தோழர்களே, அழைப்பிதழ் இல்லாமல் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் கண்ணாடி அக்காவே, அனைவருக்கும் வணக்கம்.

ஒரு விண்மீன் மண்டலக் கொத்தை எடைபோட்டதற்காக எனக்கு விருதாம். நூற்றுக்கணக்கான விண்மீன் மண்டலங்கள் கூடிக் கிடக்கும் கூட்டம் அது. அதற்கு ஏது தராசு? எவரிடம் உண்டு படிக்கல்? இரண்டே வழிதான். கூட்டத்தின் நடுவே கொதிக்கும் வாயு எக்ஸ் கதிர்களை வீசுகிறது. அதைக் கொண்டு அந்த வாயுவின் சூட்டை அளந்து, அதைச் சிதறவிடாமல் பிடித்து வைக்க எத்தனை எடை வேண்டும் என்று கணக்கிடுவது என் வழி. அந்த எடை, பின்னாலிருந்து வரும் ஒளியைக் கண்ணாடி வில்லைபோல் எவ்வளவு வளைக்கிறது என்று பார்ப்பது அக்காவின் வழி. ஆயிரக்கணக்கான கோணல்களை அளந்து அளந்தே அவருக்கு அந்தப் பட்டப்பெயர் வந்தது.

என் வழிக்கு ஒரு நிபந்தனை உண்டு. "வாயு அமைதியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்." வைத்துக்கொள்வோம் என்பது எத்தனை வசதியான சொல்! பார்க்காததைப் பார்த்ததாக வைத்துக்கொள்வோம். கேட்காததைக் கேட்டதாக வைத்துக்கொள்வோம். கேள்வி கேட்டவளையே குற்றவாளியாக வைத்துக்கொள்வோம். இப்படித்தான் இந்த நிலையம் நடக்கிறது.

என் விடையைப்போல் ஒன்றரை மடங்கு அக்காவின் விடை. இயக்குநர் இருவரையும் அழைத்தார்.

"ரெண்டு பேரும் ஒரே எண்ணோட வாங்க."

"குறைக்கக் காரணம் இருந்தா குறைக்கிறேன் சார். நீங்க ஆசைப்படுறீங்கன்னு குறைக்க முடியாது" என்றார் அக்கா. வெளியே வந்ததும் என்னிடம் கேட்டார்: "தம்பி, உன் படத்துல எதையாவது வெட்டினியா?"

"ஓரத்துல ஒரு கறைக்கா. கருவியில இருக்கிற அழுக்கு" என்றேன்.

கருவிக் கறையை வெட்டுவது எங்கள் தொழிலில் வழக்கம். ஆனால் நான் சோதித்தேனா? இல்லை. என் வரைபடத்தின் அழகான வளைகோட்டை அது கெடுத்தது, வெட்டினேன். நிலையத்தின் ஆய்வுக் குழு கூடியது. அக்காவின் எண்ணுக்கு நேரே "பிழை" என்று எழுதியது. வரும் வெள்ளிக்கிழமையோடு அவருக்கு வேலை இல்லை. எனக்கோ விருது.

சென்ற வாரம் பழைய படங்களைத் திறந்தேன். அழுக்கென்றால் கருவியில் ஒரே இடத்தில் அல்லவா நிற்க வேண்டும்? அந்த வெளிச்சமோ, தொலைநோக்கியை எப்படித் திருப்பினாலும் வானில் அதே இடத்தில் நின்றது. அது இன்னொரு கொத்து. பெரிய கொத்தின்மேல் மோதிக்கொண்டிருக்கிறது. கலங்கிய வாயுவைச் சூடு மட்டுமல்ல, அந்தக் கலக்கமும் வெளியே தள்ளுகிறது; அதைப் பிடித்து வைக்க இன்னும் அதிக எடை வேண்டும். என் கணக்கோ சூட்டை மட்டும் பார்த்தது, அதனால் எடை குறைந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். விண்மீன் மண்டலக் கொத்தையே கறை என்று மறைத்தவனை இன்றுதான் பார்க்கிறீர்கள்.

முன்வரிசையில் யாரோ, "அறையில பேசிக்கலாமே" என்கிறார். பேசினேன் ஐயா. "விழா முடியட்டும், பாத்துக்கலாம்" என்றார் இயக்குநர். விழா முடிந்தால் வெள்ளிக்கிழமை வந்துவிடும், யார் பார்த்துக்கொள்வது? இதோ, இயக்குநர் மணி அடிக்கிறார். அடிக்கட்டும். எனக்குக் கோபம் அவர்மேல் பாதி, என்மேல் பாதி. அக்கா கேட்ட ஒரு கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லியிருந்தால் இந்த அநியாயம் நடந்திருக்காது.

என் கணக்கு வெளிவந்த கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை இன்று காலை அந்த அறிவியல் இதழுக்கு அனுப்பிவிட்டேன். அதில் பிழை என்ற சொல்லுக்கு நேரே என் பெயர் இருக்கிறது. சரியான எடைக்கு நேரே அக்காவின் பெயர் இருக்கிறது. விருதை நான் வாங்கப்போவதில்லை.

அக்கா, எழுந்து வாங்க. மேடையில என் நாற்காலி காலியாத்தான் இருக்கு. நீங்க வந்து உக்காந்தப்புறம்தான் நான் இறங்குவேன்.

மணியோசைக்கு மேல் என் குரலைக் கேட்ட உங்கள் காதுகளுக்கு நன்றி. வழிவிட்டு எழுந்து நிற்கும் கடைசி வரிசைக்கு என் வணக்கம்.